நடுச்சுவர்



லெந்து நாட்களில் தாழ்மையைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறீர்கள். கத்தோலிக்கச் சகோதரர்கள் இதையே தாழ்ச்சி என்பார்கள். எப்படிச் சொன்னாலும், பிரசங்க மேடைகளில் புழங்கிப் புழங்கித் தேய்ந்துபோன சொல் இது. அதனால் இன்றைக்கு வேத வசனத்தில் தொடங்காமல், உங்கள் ஊரான குத்தம்பாக்கத்தில் நிற்கும் ஒரு சுவரில் தொடங்குகிறேன்.

1996-ல் இந்த ஊராட்சியின் தலைவராக வந்தவர் இளங்கோ. இந்த ஊரிலேயே ஒரு தலித் குடும்பத்தில் பிறந்து, வேதியியல் பொறியியல் படித்து, பார்த்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். எல்லாச் சாதியாரும் சேர்ந்து குடியிருப்பதற்கான பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் இங்கே வந்தபோது அவர் ஒரு யோசனை வைத்தார்: வீடுகளை இரட்டை வீடுகளாகக் கட்டுவோம். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம். அப்படி ஐம்பது இரட்டை வீடுகள் எழுந்தன. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் குழந்தை அழுதால் இந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் மீன் குழம்பு கொதித்தால் அந்தப் பக்கம் மணக்கும். அந்தச் சுவரை ஒருவர் இடித்தால் இருவருடைய வீடும் போய்விடும். நான் பல தேவாலயங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மண்சுவரின் முன்னால் நின்றபோது வந்த பக்தி எனக்கு அங்கெல்லாம் வந்ததில்லை.

இப்போது தெற்கே போவோம். திருநெல்வேலி மாவட்டத்தில் வடக்கன்குளம். நீலகண்டப் பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரசு அலுவலர் 1745 மே 14 அன்று அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார். மேல்சாதிக்காரர்களின் கோபத்துக்கு ஆளானார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்பே, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை வாடிகன் எடுத்துவிட்டது. வெறும் தேவசகாயமாகத்தான் அவர் பீடத்தில் ஏறினார்.

அவர் முழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-ல் எழுந்த கோயில் எப்படி இருந்தது தெரியுமா? மேலிருந்து பார்த்தால் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரிந்திருக்கும். ஒரு காலில் ஒரு சாதியார், மறு காலில் மற்ற சாதியார், இடையில் சுவர். இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கடவுள் தெரிய வேண்டும், பக்கத்து வீட்டுக்காரன் தெரியக் கூடாது என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள்! 1910-ல் கௌசானல் அடிகளார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே என்ன செய்தார்கள்? எங்கள் தனி இடம் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு, கிறிஸ்தவர்களே நீதிமன்றப் படியேறினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையைத் தள்ளியது. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டும். பிரிவினையின் நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் கொத்தனாரை வரவழைத்து அந்தச் சுவரைத் திரும்பக் கட்டியிருக்கிறோம்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் 'மாயக்காரர்' என்று ஒரு சொல் வரும். புதிய பொது மொழிபெயர்ப்பில் 'வெளிவேடக்காரர்'. மூலமான கிரேக்கச் சொல்லுக்கு மேடையில் நடிப்பவர் என்று பொருள். இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நம் பக்கத்துத் தெருக்கூத்துதான் எனக்கு நினைவுக்கு வரும். கூத்துக் கலைஞர் இரவெல்லாம் துரியோதனனாக நிற்பார். விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வயலுக்கோ வேலைக்கோ போவார். அது வேஷம் என்று அவருக்கும் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. வேஷத்தைக் கலைக்க மறந்துபோன பக்தனைத்தான் இயேசு மாயக்காரன் என்றார்.

என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் வாரந்தோறும் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். என் தாயார் கண்ணீரோடு ஜெபிப்பார். அந்தக் கண்ணீர் உண்மையானது, இன்றைக்கும் நான் சந்தேகப்படவில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் காபி வரும். வீட்டு வேலைக்கு வந்த அம்மாவும் கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்திருப்பார். அவரும் எங்கள் சபைதான், அதே வேதம்தான். அவருக்கு மட்டும் பின்கட்டு மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரில் காபி. அவரே கழுவி அவரே கவிழ்த்துவிட்டுப் போவார். என் தாயார் காலமான பிறகு மாடத்தில் அந்த டம்ளரைப் பார்த்தேன். அத்தனை வருஷம் அதைப் பார்த்தபடியே வளர்ந்தும் ஒரு நாள்கூட நான் வாய் திறந்து கேட்டதில்லை. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவரும் இல்லை.

ஆகவே மாயம் என்பது பொய் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. ஆலயத்தில் ஜெபிக்கப் போன பரிசேயனையும் ஆயக்காரனையும் பற்றிய உவமையைப் பாருங்கள். பரிசேயன் சொன்னதில் எது பொய்? வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் இருந்தான், தசமபாகம் கொடுத்தான். எல்லாம் மெய். ஜெபத்தின் நடுவில் அவன் கண் பக்கத்தில் நின்றவன் மேல் போயிற்று. அங்கேதான் கெட்டான். அவனும் ஒரு சுவரைக் கட்டிவிட்டான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வரும்போது உபவாச ஜெபத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் பார்க்கிறோம். உபவாசம் இருப்பது வெளியே தெரியாதபடி முகத்தைக் கழுவிக்கொள் என்றவருடைய பெயர் ஓரத்தில் சிறிதாக இருக்கிறது, ஊழியருடைய முகம் ஆள் உயரத்துக்கு இருக்கிறது. ஆலயத்துக்குள் போனால் டியூப்லைட்டின் வெளிச்சத்தை 'உபயம்' மறைக்கிறது. இவை சின்னக் குற்றங்கள், துடைத்தால் போய்விடும். வரன் தேடும் விளம்பரம் அப்படியல்ல. 'மறுபடியும் பிறந்த, ஜெபிக்கிற மணமகன் தேவை' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் சாதியையும் உட்பிரிவையும் போடுகிறோம். மறுபடி பிறந்தவனுக்கு ஏது பழைய சாதி? செத்த பிறகும் விடவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், சாதி பிரித்துப் புதைப்பதற்காகவே நடுவில் சுவர் எழுப்பினார்கள்.

பெரிய வியாழன் வரப்போகிறது. பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்போம். அவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கால் கழுவி, புது வேட்டி கட்டி வந்து அமர்வார்கள். கழுவிய காலைக் கழுவுவோம். 2013-ல் போப் பிரான்சிஸ், பதவிக்கு வந்த பிறகான முதல் பெரிய வியாழனன்று, ரோமில் சிறுவர் சிறைக்குப் போனார். கைதிகளான பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள்.

ரோம் வரைக்கும் போக வேண்டாம், பக்கத்துப் பூந்தமல்லியே போதும். வைணவ அடியாரான திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. வைணவக் குருபரம்பரைக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பிராமணரான ராமானுஜர், தம்மைவிடக் குலத்தில் தாழ்ந்தவர் என்று ஊர் நினைத்த நம்பிகளைக் குருவாக எண்ணினார். அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார். ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பிகள் வந்து உண்டுவிட்டுப் போனார். வீட்டு அம்மையார் இலையை எடுத்து எறிந்து, இடத்தைக் கழுவி, தலைமுழுகிவிட்டு நின்றார். திரும்பி வந்து பார்த்த ராமானுஜருக்கு மனம் உடைந்தது என்கிறது கதை. ஒரு கிறிஸ்தவனாக அந்தக் கதை முன் நான் தலை குனிகிறேன். கழுவிவிடப்பட்ட அந்த இடமும் எங்கள் வீட்டு மாடத்து டம்ளரும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன.

சபைப் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கல்லறைத் தோட்டத்தில் வேலியோ வரப்போ எதுவானாலும் பிரித்து வைத்திருந்தால், ஈஸ்டருக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பெற்றோர்களே, வரன் விளம்பரத்தில் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள். இளைஞர்களே, நான் கேட்காமல் விட்ட கேள்வியை உங்கள் வீட்டில் நீங்கள் கேளுங்கள். அடிதான் விழுந்தாலும் கேளுங்கள். இந்தப் பெரிய வியாழனன்று, உங்கள் தெருவைப் பெருக்கும் அம்மாவின் வீட்டுக்குக் குடும்பத்தோடு போங்கள். அவர் கொடுக்கும் காபியை, அவர் வீட்டு டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.