சமயமும் சமாதானமும்



பூசல் தீர்க்கவும் அமைதி காக்கவும் சமயம் துணை நிற்குமா என்பது எனக்கு அளிக்கப்பட்ட பொருள்.

சமயங்கள் பல அருகருகே வாழ்ந்த மண் நம் செஞ்சி மண். தொண்டூர்க் குன்றில் சமண முனிவர்க்கு வெட்டிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் நிலைத்திருக்கிறது. செஞ்சிக் கோட்டையில் வேங்கடரமணர் கோயிலும் உண்டு. சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் உண்டு. சமயத்துக்குச் சமயம் இடம் கொடுத்தது. ஆனால் ஒரே தெய்வத்தைக் கும்பிடுவோருள் மனிதனுக்கு மனிதன் இடம் கொடுக்கவில்லை. நம் பூசல் அங்கேதான் பிறக்கிறது.

திரௌபதி அம்மன் வழிபாடு வேரூன்றிய வட்டாரம் இது. பாரதம் படிக்கிறோம், கூத்து ஆடுகிறோம், தீ மிதிக்கிறோம். அவை நடுவே அவமதிக்கப்பட்ட பெண்ணொருத்தி நீதி கேட்ட கதையன்றோ அது! அந்த அன்னையின் வாயிலிலேயே நீதி மறுக்கப்பட்டது. நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், 2023 ஏப்ரல் திருவிழாவின்போது திரௌபதி அம்மன் கோயிலுள் சென்ற நம்மவர் தாக்கப்பட்டனர். சமாதானப் பேச்சுகள் பயன் தரவில்லை. ஜூன் 7ஆம் நாள் அதிகாரிகள் கோயிலுக்கு முத்திரையிட்டனர். 2024 மார்ச்சில், நீதிமன்ற ஆணைப்படி, பூசாரி மட்டும் பூசை செய்யக் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான் காவலர் பாதுகாப்புடன் நம் மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர்.

கதவைப் பூட்டினால் கைகலப்பு நிற்கலாம். அது அமைதி ஆகாது. அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒருசேர வெளியே நிறுத்துவது நடுநிலையும் ஆகாது.

மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தையும் எண்ணிப் பாருங்கள். தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. 2011 அக்டோபரில் இரு தரப்பாரும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். நவம்பர் 10 அன்று நம் மக்கள் முத்தாலம்மன் கோயிலில் வழிபட்டனர். வழிபாட்டோடு வழக்குகளும் பேருந்து நிழற்குடையும் அவ்வுடன்படிக்கையில் இடம்பெற்றன. பின்னர் மீண்டும் பிணக்கு எழுந்தது உண்மையே. ஆயினும் சம உரிமை எழுத்தில் ஏறிய பின்னரே அங்கே இரு தரப்பாரும் ஒரு சன்னிதியில் நிற்க முடிந்தது.

ஆகவே, சமயம் சமாதானம் செய்யட்டும். அதற்கு விலையாக நம் உரிமையைக் கேட்க வேண்டாம்.

இளைஞர்களே! 1947ஆம் ஆண்டின் ஆலய நுழைவுச் சட்டத்தையும் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவையும் படியுங்கள். சமாதானக் கூட்டத்துக்கு அழைத்தால் தவறாது செல்லுங்கள். எழுதியதை முற்றும் வாசித்த பின்னரே கையொப்பமிடுங்கள். நம் முன்னோர் வாசிக்க இயலாத தாள்களில் கைநாட்டு வைத்தனர். அந்நிலை மாறவே நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது.