ஊரைப் பார்க்க எவ்வளவு தூரம் போக வேண்டும்?

சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில்களில் பல, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நின்று நின்று போய்க் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். அங்கே இறங்கி, ஷிப்ட் விடுகிற நேரத்தில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ரோலிங் மில்லிலும் ஃபவுண்டரியிலும் வேலை முடித்து, முகத்துக் கரி முழுசாகப் போகாமல் வந்தவர்கள். ஒருவர் தன் ஊர் வங்கிக் கணக்கின் எண்களை ஒவ்வொன்றாக இந்தியில் சொல்வார். கடைப் பையன் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே தட்டுவான். பையனுக்கு இந்தி தெரியாது, எண்கள் மட்டும் தெரியும். வரிசையில் நிற்பவருக்கும் தமிழ் அந்த அளவுதான்: தண்ணீ, சாப்பாடு, சம்பளம், நாளைக்கு. இந்த இருவருக்கும் நடுவில் இருப்பதை என்ன உறவென்று சொல்வது, அது எப்படி உண்டானது, அதில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று கேட்கிற படிப்புக்குத்தான் சமூகவியல் என்று பெயர். அந்தப் படிப்பை வெளிநாட்டில் போய்ப் படிப்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூகவியல் படிக்க வெளிநாடு போகிறவர், பல்கலைக்கழகத் தரவரிசையை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுப்பது வீண். ஊரிலிருந்து கையோடு கொண்டுபோகிற கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரும்புக் கம்பி எத்தனை பாரம் தாங்கும் என்ற கணக்கு ஜெர்மனியிலும் அதுதான், ஜப்பானிலும் அதுதான். சமூகவியல் அப்படிப்பட்ட சரக்கில்லை. ஒவ்வொரு நாட்டிலும் அது அந்த நாட்டைப் பிடித்த தலைவலியிலிருந்து வளர்ந்தது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் 1892-லேயே சமூகவியலுக்கென்று துறை தொடங்கியது. அந்த ஊரின் உருக்காலைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் அன்றைக்கு வேலை பார்த்தவர்களில் ஏராளமானோர் போலந்திலிருந்து வந்த விவசாயிகள். தாமஸ், ஸ்னானியெட்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள், அந்த விவசாயிகளுக்கும் ஊரிலிருந்த குடும்பத்துக்கும் இடையே போய்வந்த கடிதங்களைத் திரட்டி, 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். கல்யாணச் செலவுக்குப் பணம் கேட்கும் கடிதம், நிலத்தை விற்காதே என்று மன்றாடும் கடிதம், இவைதான் அவர்கள் கையிலிருந்த முக்கியமான ஆதாரம். கும்மிடிப்பூண்டியில் இன்று கடிதம் இல்லை. பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸாப்பில் வரும் குரல் பதிவும் இருக்கின்றன. உருக்காலையும் இருக்கிறது, நிலத்தை விட்டு வந்த ஆளும் இருக்கிறார். போலந்து இருந்த இடத்தில் பீகாரும் ஒடிசாவும் ஜார்க்கண்டும் வந்திருக்கின்றன. ஆகவே, இடம்பெயர்ந்து வந்தவர்களின் வாழ்க்கையைக் கூடவே இருந்து பார்த்து எழுதும் முறையைக் கற்க வேண்டுமென்றால் சிகாகோ மரபு பயன்படும். அதற்காக எல்லாக் கேள்விக்கும் சிகாகோவில் விடை கிடைக்காது.

கேள்வி கொஞ்சம் மாறட்டும். உலைக்கு முன்னால் நிற்கிறவர் யார், மேற்பார்வை பார்க்கிறவர் யார், அந்தப் பிரிவினை ஏன் பிறப்போடு ஒட்டிக்கொண்டே வருகிறது என்று ஒரு மாணவி கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் லண்டனுக்குப் போவதைவிடத் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் போவது நல்லது. அங்கே விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் எடி வெப்ஸ்டர் என்ற சமூகவியலாளர், ஃபவுண்டரித் தொழிலாளர்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, இனப் பாகுபாடு எப்படி வார்ப்பு அச்சுக்குள்ளேயே புகுந்தது என்று 1985-ல் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பினத்தவருக்கு எந்த வேலை, வெள்ளையருக்கு எந்த வேலை என்று பட்டறைத் தளத்தில் வகுக்கப்பட்ட விதத்தை அது காட்டுகிறது. நிறம் என்ற இடத்தில் சாதியையும் மாநிலத்தையும் வைத்துப் படிக்கத் தெரிந்தவருக்கு அது கும்மிடிப்பூண்டிக்குப் பாதிப் பாடநூல். ஆனால் நம் ஊர்க் கன்சல்டன்சிகளின் வாசல் பலகையில் ஜோகன்னஸ்பர்க்கின் பெயர் அபூர்வம். கமிஷன் வராத ஊர் பலகையில் ஏறாது, வேறென்ன.

இதற்கு வருகிற முதல் மறுப்பு வலுவானது. நம் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கடல் கடந்து போவானேன்? சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தில்லியிலேயே முனைவர் பட்டம் முடித்தவர். தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கி, சாதியும் வர்க்கமும் அதிகாரமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துபோகிற விதத்தைப் பற்றி அவர் எழுதி 1965-ல் வெளியான நூலை இன்றும் உலகெங்கும் படிக்கிறார்கள். உண்மைதான், வெளிநாடு கட்டாயமில்லை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பெத்தேயின் வழிகாட்டி எம்.என். சீனிவாஸ் பம்பாயில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு செய்து திரும்பியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னும் பின்னால் போனால், 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் செய்த காரியம் இருக்கிறது. அவர் தன் மாணவர்களை விடுமுறையில் அவரவர் ஊருக்கே அனுப்பி, யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு கடன், கூலி என்ன என்று விசாரித்து எழுதிவரச் சொன்னார். அதுதான் 1918-ல் நூலாக வந்தது. போலந்து விவசாயிகளைப் பற்றிய ஆய்வின் முதல் தொகுதிகள் வந்ததும் அதே ஆண்டுதான். தன் ஊரில் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறது என்று அந்த மாணவர்களுக்கு ஒரு வெளியாள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கிராமங்களைப் பிறகு பலர் மறுபடி மறுபடி போய் ஆராய்ந்திருக்கிறார்கள்.

வெளியாளின் கண் என்று நான் சொல்வதை ஜெர்மனியின் கியார்க் சிம்மல் 1908-லேயே ஒரு சிறு கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். ஊருக்குள்ளேயே குடியிருந்தும் ஊர்க்காரராக ஆகாத அந்நியர் பக்கத்திலும் இருக்கிறார், தள்ளியும் நிற்கிறார். அதனால் பழகிப்போன கண்ணுக்குத் தட்டாதது அவருக்குத் தட்டுப்படுகிறது. அவரும் அப்படித் தள்ளி நிறுத்தப்பட்டவர்தான்: யூதக் குடும்பத்தில் பிறந்த சிம்மலுக்கு 56 வயது வரை முழுப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. பிரான்சின் பியர் பூர்தியூ கதையும் இதைச் சேர்ந்ததுதான். 1950-களில் கட்டாய ராணுவச் சேவைக்காக அல்ஜீரியா போனவர், அங்கே கபைல் மக்களின் வீட்டையும் மானத்தையும் கல்யாணத்தையும் ஆராயக் கற்றுக்கொண்டார். அதே கண்ணோடு தன் சொந்த வட்டாரமான பேயர்னுக்குத் திரும்பினார். நிலம் வைத்திருக்கும் குடும்பத்துத் தலைமகன்களுக்கு ஏன் பெண் கிடைக்கவில்லை என்று எழுதி 1962-ல் வெளியிட்டார். சிறு வயதிலிருந்து பார்த்துவந்த காட்சிதான். ஆனால் அது ஒரு கேள்வி என்று தெரிய அல்ஜீரியா வரை போய்வர வேண்டியிருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பெர்லினுக்குப் போகும் மாணவிக்கும் இது நடக்கும். ஊரில் இருந்தவரை ‘இந்திக்காரங்க’ என்று ஒரே சொல்லில் அடக்கிய கூட்டத்தில் ஒடியா பேசுகிறவர், போஜ்புரி பேசுகிறவர், சந்தாலி பேசுகிறவர் என்று வகை உண்டு என்பது, அங்கே தன்னையும் ‘ஆசியாக்காரி’ என்று ஒரே மூட்டையில் கட்டும்போதுதான் சுருக்கென்று உறைக்கும். விசா அலுவலக வரிசையும், வாடகைக்கு வீடு கிடைக்காத அலைச்சலும், மொழி புரியாமல் தலையாட்டுவதும் பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள்.

மேலைநாட்டுக் கோட்பாடு நமக்குப் பொருந்துமா என்பது அடுத்த மறுப்பு. பல இடங்களில் பொருந்தவில்லை என்பதுதான் என் பதில். லூயி துயுமோன் என்ற பிரெஞ்சுக்காரர் தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி அருமையான நூல் எழுதினார். பின்னால் சாதியை முழுக்கத் தூய்மை, தீட்டு என்ற தராசில் நிறுத்தியபோது, தராசின் கீழ்த்தட்டில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது அதில் சரியாக விழவில்லை. இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு ஆய்வாளர் பலருக்குத் தமிழ்நாடு என்றால் காவிரிக்கரையும் கோவிலும்தான். மானிடவியலாளர் கேத்லீன் கஃப் போனதும் தஞ்சாவூருக்குத்தான். சிகாகோவின் மில்டன் சிங்கர் 1964-ல் சென்னையின் தொழில்துறையைப் பார்த்தார், ஆனால் பேசியது முதலாளிகளிடம். தஞ்சைக்கு இருப்பதுபோல வடசென்னையிலிருந்து ஆரம்பாக்கம் எல்லை வரையுள்ள தொழில் வட்டாரத்துக்குப் பெயர்பெற்ற நூல் ஒன்று கிடையாது.

கோட்பாடு பொருந்தாத இடத்துக்கு உதாரணமாக, திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கையில் காசில்லாதபோது மேஸ்திரி ஊருக்கே வந்து அட்வான்ஸ் கொடுக்கிறார். தை பிறந்து மண் காய்ந்ததும் குடும்பத்தோடு சூளைக்கு வந்துவிட வேண்டும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. மண் குழைப்பது, அச்சில் அறுப்பது, திருப்பிக் காயப்போடுவது எல்லாம் கணவனும் மனைவியும் சேர்ந்து செய்தாலும் நோட்டில் ஏறுவது பெரும்பாலும் ஆண் பெயர்தான். வாராவாரம் சாப்பாட்டுச் செலவுக்கு ஏதோ கொடுத்து, மீதியை அட்வான்ஸில் கழிப்பார்கள். சீசன் முடிகிறபோது கணக்கு நேராகாவிட்டால் பாக்கி அடுத்த ஆண்டுக்குப் போகும். இது கூலியா, கடனா, அடிமைத்தனமா? 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒரு பதில் சொல்கிறது. சூளையில் வேலை பார்க்கும் இருளர் வேறு பதில் சொல்லக்கூடும். ஏட்டில் ‘சுதந்திரத் தொழிலாளி’ என்றும் ‘அடிமை’ என்றும் இருக்கிற இரண்டு பெட்டிகளிலும் இந்த நோட்டு அடங்காது. பெட்டியைச் செய்த இடத்துக்கே போய், இது போதவில்லை என்று நோட்டைக் காட்டிச் சொல்ல ஆள் வேண்டும். நெதர்லாந்தின் யான் பிரேமன் குஜராத்திலும், பிரான்சின் இசபெல் கெரான் தமிழ்நாட்டுச் சூளைகளிலும் செய்தது ஏறக்குறைய இந்த வேலைதான். திருவள்ளூர்க்காரர் ஒருவர் செய்தால் மேஸ்திரி பேசுகிற தமிழில் ஒளிந்திருக்கிற அதட்டலும் கெஞ்சலும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே காதில் விழும்.

காசுக்கு எங்கே போவது என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்வி. பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்குக் கட்டணமும் சாப்பாடும் சேர்த்து 30 லட்சம் ரூபாயைத் தாண்டும். நிலத்தை அடகு வைத்துச் சமூகவியல் படிக்கப் போகாதீர்கள் என்றே சொல்வேன். இந்தப் படிப்பு அந்தக் கடனை அடைக்கிற சம்பளத்தை எளிதில் தராது. அமெரிக்காவில் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தால் பெரும்பாலும் கட்டணத்தையும் தள்ளி, உதவித்தொகையும் கொடுப்பார்கள். ஐந்தாறு ஆண்டுகள் ஆகும், போட்டி கடுமை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஓராண்டுச் செலவுக்கான சுமார் 12,000 யூரோவை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். சமூகவியலில் பல படிப்புகள் ஜெர்மன் மொழியில்தான். நார்வேயும் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2023-ல் அதை நிறுத்திவிட்டது.

பணமில்லாதவருக்கு அரசு உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழக அரசு அம்பேத்கர் பெயரிலேயே திட்டம் வைத்திருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்குமான மத்திய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகையில்தான் சிக்கல். 2022-ல் வந்த அதன் விதிமுறை, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டது. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வசதி இருக்கிறதே என்பது சொல்லப்பட்ட காரணம். இதை அம்பேத்கரின் கதையோடு வைத்துப் பாருங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அம்பேத்கர், 1916 மே 9 அன்று கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் படித்த கட்டுரை இந்தியச் சாதிகளின் இயக்கத்தையும் பிறப்பையும் பற்றியது. அப்போது அவருக்கு வயது 25. தன் சாதிக்குள்ளேயே மணமுடிக்கும் வழக்கம்தான் சாதியின் ஆணிவேர் என்ற வாதத்தை அவர் வைத்தது நியூயார்க்கில், வேறு நாட்டுச் சமூகங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆட்களுக்கு நடுவில். உருக்காலைக்குள் சாதி என்ற தலைப்போடு கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு தலித் மாணவி இன்று அந்த மத்திய உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், தலைப்பே அவளைத் தடுத்துவிடும். ஜெர்மானியரைப் பற்றி ஆராய்கிறேன் என்றால் தடையில்லை.

இன்னொரு தடை கும்மிடிப்பூண்டிக்குள்ளேயே இருக்கிறது. சிப்காட் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. அங்குள்ளவர்களைத் துரத்திய பகையை ஆராய்ந்த மானிடவியலாளர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தவரான ஸ்டான்லி தம்பையா இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் கார்னெலில் 1954-ல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1956-ல் மாணவர்களோடு கல்லோயா குடியேற்றப் பகுதியில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோதே தமிழர் மீதான கலவரம் அங்கு வெடித்தது. பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து, 1983 வன்முறைக்குப் பின் இலங்கையின் இனப்பகையை ஆராய்ந்து 1986-ல் நூல் எழுதினார். அந்தப் பகையில் வீடிழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்த முகாமில் கல்லூரி முடிக்கிறார்கள். 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. பெற்றோர் இருவரும் அகதியென்றால் இந்தியப் பாஸ்போர்ட் இல்லை. ‘இந்தியக் குடிமக்கள் மட்டும்’ என்று தொடங்கும் உதவித்தொகைப் படிவத்தில் முதல் கட்டத்தையே நிரப்ப முடியாது. சிம்மல் சொன்ன அந்தக் கண் பிறப்பிலேயே வாய்த்தவர்கள் இவர்கள். இவர்களுக்குத்தான் பயணம் கிடையாது. அந்தக் கண் வாய்க்கப்போகிறவர்கள் முகாமுக்கு வெளியேயும் இருக்கிறார்கள். சிப்காட்டைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் இப்போது வீட்டில் ஒடியாவும் இந்தியும் பேசுகிற பிள்ளைகளும் உட்கார்ந்து தமிழ் எழுதுகிறார்கள். பணம் அனுப்பும் கடையில் அப்பாவின் கணக்கு எண்ணை இனிமேல் தமிழிலேயே சொல்லப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.