நாய்களோடு வெளியூர்ப் பயணம்

பள்ளி விடுமுறை என்றதும் நம் தோட்டத்துப் பிள்ளைகளின் மனம் ஆற்றங்கரைக்கு ஓடிவிடும். ஜெராய் மலை அடிவாரத்து ஓடைகள், கூலிம் வட்டாரத்துச் சுங்கை செடிம், பாலிங், சிக் பக்கத்து ஆறுகள் என்று நம் கெடா மாநிலத்தில் குளித்து மகிழும் இடங்களுக்குக் குறைவில்லை. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போய், தார்ப்பாயைக் கட்டிக் கூடாரம் போட்டு, ஓர் இரவு தங்கிச் சமைத்துச் சாப்பிட்டு வருவது நம்மவர்களுக்கு நெடுநாள் பழக்கம். புறப்படும்போது வாசலில் படுத்திருக்கும் நாய்களும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வரும். "வரட்டுமே, ராத்திரிக் காவலுக்கு ஆகும்" என்று அவற்றையும் ஏற்றிக்கொள்கிறோம்.

இப்படி நாய்களோடு போகிறவர்கள் அறிந்திருக்கவேண்டிய செய்திகளைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். முதலில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1980களின் கடைசியில், நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த சமயம். என் தந்தையார் பால்மரம் வெட்டுபவர். அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் சேர்ந்து எங்களை ஜெராய் அடிவாரத்து ஓடை ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். கூடவே ஐந்து நாய்கள். எங்கள் வீட்டு மணியும் டைகரும். மற்ற மூன்றும் பக்கத்து வீட்டு மாமாவுடையவை. ஒன்றுக்கும் கயிறு இல்லை. லயத்தில் அவிழ்த்துவிட்டே பழகியவை அல்லவா?

இரவு சாப்பிட்டு முடித்து, மிச்சச் சோற்றையும் மீன் முள்ளையும் கூடாரத்துக்குப் பின்னாலேயே கொட்டினோம். நடுச்சாமத்தில் அந்த வாடைக்குக் காட்டுப்பன்றி வந்துவிட்டது. ஐந்து நாய்களும் ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தன. பன்றி புதருக்குள் ஓடி மறைந்தது. ஆனால் நாய்களின் வெறி அடங்கவில்லை. திரும்பி வந்து, கிடந்த மீன் முள்ளுக்காகத் தங்களுக்குள்ளேயே கடித்துக்கொண்டன. என் தம்பி, மணியைக் காப்பாற்றுவதாக எண்ணி நடுவே கையை நீட்டினான். இருட்டில் மணி அவன் மணிக்கட்டைக் கவ்விவிட்டது.

அப்பாவுக்குத் தெரிந்தால் மணியைத் துரத்திவிடுவார் என்று தம்பிக்குப் பயம். அடுப்படியில் இருந்த காப்பித் தூளை அள்ளிக் காயத்தில் அப்பி, நீளக் கைச்சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டான். எனக்குத் தெரியும், நானும் வாய் திறக்கவில்லை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டது. அவசர அவசரமாகச் சாமான்களை ஏற்றினோம். "எல்லாம் ஏறியாச்சா?" என்று கேட்டார் சித்தப்பா. "ஆச்சு, ஆச்சு" என்று பல குரல்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கு நாய்கள்தான் இறங்கின. மணியைக் காணவில்லை.

மூன்றாம் நாள் தம்பியின் கை வீங்கி, காய்ச்சலும் கண்டது. அம்மா அவனைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். டிரஸ்ஸர் காயத்தைப் பார்த்தார். மூன்று கேள்விகள் கேட்டார். "எந்த நாய் கடித்தது? அதற்கு ஊசி போட்டிருக்கிறதா? இப்போது அது எங்கே?" முதல் கேள்விக்குத்தான் எங்களிடம் பதில் இருந்தது. டிரஸ்ஸர் காயத்தைக் கழுவிவிட்டு, தம்பியைப் பட்டணத்து அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே வெறிநாய்க்கடிக்கு ஊசி தொடங்கினார்கள். அப்பா தினமும் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் அந்த ஓடைப் பக்கம் போய் மணியைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

கடித்த ஒன்பதாம் நாள் சாயங்காலம், எலும்பும் தோலுமாய், காலை நொண்டிக்கொண்டு மணி தானாகவே லயத்துக்கு வந்து சேர்ந்தது. மேலும் சில நாள் கட்டிவைத்துப் பார்த்தோம். நன்றாகவே இருந்தது. தம்பியும் பிழைத்தான். இன்று அவனுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருந்தும், அந்த ஒன்பது நாட்களை எங்கள் குடும்பம் மறக்கவில்லை.

நேயர்களே, எங்கள் வீட்டில் எவருக்கும் நாய்மீது அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் நாய்களுக்கு ஊசி போடவில்லை, கயிறு கட்டவில்லை, ஏற்றும்போது எண்ணவில்லை. இந்த மூன்றும்தான் எங்கள் பிழை. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது ஊசி. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் பிழைத்தவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். நோய் வருமுன் தடுக்க மட்டுமே நம்மால் முடியும். அந்த வழியைக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1885ஆம் ஆண்டு ஜூலை மாதம், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் ஊசி மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டிலும், நீலகிரியின் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே அவர் பெயரால் ஒரு நிலையம் ஏற்பட்டு இம்மருந்தைத் தயாரித்தது.

"இது எங்கோ நடப்பது" என்று எண்ணவேண்டாம். நம் கெடா தாய்லாந்து எல்லையை ஒட்டியது. எல்லைக்கு அப்பாலிருந்து நோய் நுழையாதிருக்க, இந்தப் பக்கத்து நாய்களுக்கு ஊசி போட்டு ஒரு வேலிபோல் காத்துவந்தார்கள். அப்படியிருந்தும் 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மூன்று மாநிலங்களிலும் நாய்களிடம் வெறிநோய் கண்டது. பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல எடுத்த முடிவு பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. 2017ஆம் ஆண்டில் சரவாக் மாநிலத்தின் செரியான் வட்டாரத்தில் சிறு பிள்ளைகளே இந்நோய்க்குப் பலியானார்கள்.

பத்து நாய்களில் ஏழு நாய்களுக்காவது ஊசி போட்டிருந்தால் அந்த இடத்தில் நோய் பரவாது என்பது அறிஞர்கள் கண்ட கணக்கு. உங்கள் லயத்தையோ தாமானையோ ஒரு நிமிடம் மனத்தில் எண்ணிப் பாருங்கள். பத்துக்கு ஏழு தேறுமா? குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி. பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்குப்படி ஆண்டுதோறும் ஊசி. ஊசிச் சீட்டையும் நகராண்மைக் கழக உரிமத்தையும் பயணத்தின்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நாய் மனிதனுக்குச் செய்த உதவியையும் இங்கே நினைக்கவேண்டும். 1925ஆம் ஆண்டு ஜனவரியில், பனி மூடிய அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து ஊருக்குள் இல்லை. சுமார் 20 ஓட்டிகளும் 150 நாய்களும், அஞ்சல் ஓட்டம்போல் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றி, 1,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நம் பிள்ளைகளுக்கு மருந்து சுமந்த இனத்துக்கு நாம் ஓர் ஊசி போட மாட்டோமா?

இரண்டாவது கயிறு. வீட்டில் ஒரு நாய் தனியாக இருக்கும்போது அது நம் சொல்லைக் கேட்கும். நான்கைந்து ஒன்றுசேர்ந்துவிட்டாலோ அவை ஒன்றையொன்றுதான் பார்க்கும். ஒன்று ஓடினால் எல்லாம் ஓடும். ஒன்று கடித்தால் எல்லாம் கடிக்கும். லயத்தில் கோழியைக் கண்டு ஒதுங்கும் நாய்கூட, கூட்டத்தில் சேர்ந்தால் பன்றியைத் துரத்தும். ஆகவே, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாய் என்பதே தக்க கணக்கு, மிஞ்சினால் இரண்டு. மற்றவற்றை வீட்டில் விட்டு, சோறு தண்ணீர் வைக்கப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கூடாரம் போட்ட இடத்தில், ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் தனித்தனி மரத்தில் கட்டுங்கள். தனித்தனித் தட்டில் சோறு வையுங்கள். மிச்சச் சோற்றைப் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். அது பன்றியையும் குரங்கையும் எலியையும் வரவழைக்கும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் வரும். அது மனிதரையும் தாக்கும், நாயையும் தாக்கும். நாய்கள் சண்டையிட்டால் எக்காரணத்தைக் கொண்டும் நடுவே கையை நீட்டாதீர்கள். வாளித் தண்ணீரை வீசி ஊற்றுங்கள், சட்டியைத் தட்டுங்கள், சாக்கையோ போர்வையையோ மேலே எறியுங்கள்.

வண்டியிலும் கவனம் வேண்டும். நமக்கு உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு தணிகிறது. நாய்க்கு அப்படியில்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியே அது சூட்டைப் போக்கிக்கொள்கிறது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கண்ணாடியை மூடிவிட்டுக் கடைக்குப் போனால் சில நிமிடங்களிலேயே அதன் உயிருக்கு ஆபத்து. லாரியின் பின்தட்டில் நீளக் கயிற்றில் கட்டினால், வெளியே குதிக்கும் நாய் கயிற்றிலேயே தொங்கிவிடும். கூண்டில் வைப்பதே மேல். வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாம் போகும் ஆற்றங்கரைக்கு மலாய்க்காரக் குடும்பங்களும் வருகின்றன. நாயின் எச்சில் பட்ட பொருளை அவர்கள் சமய முறைப்படி ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவவேண்டும். அவர்கள் விரித்த பாயில் நம் நாய் போய் நின்றால் அவர்களுக்கு எத்தனை சங்கடம்! ஆகவே ஒதுக்கமான இடமாகப் பார்த்து, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் தங்குங்கள். நாயின் கழிவை அள்ளிப் புதைத்துவிடுங்கள். நாய்களை அனுமதிக்காத பொழுதுபோக்கு இடங்களும் உண்டு. முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். பல காலம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் நாம். ஒரு கயிற்றால் காக்கக்கூடிய உறவைக் கெடுத்துக்கொள்ளலாமா?

மூன்றாவது எண்ணிக்கை. போகும்போது எண்ணுங்கள், படுக்குமுன் எண்ணுங்கள், திரும்பும்போது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிவையுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கவேண்டும் என்பது மருத்துவ முறை. நாயே காணாமற்போனால் எதைப் பார்ப்பது? அதற்காக மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். நாய் கடித்தாலும், பல் கீறினாலும் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். காப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். முன்காலம்போல் வயிற்றில் வரிசையாக ஊசி குத்துவதில்லை; கையில் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடும்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. என் தம்பியை அன்று பேசவிடாமல் செய்தது எது? வலியன்று, பயம். அடி விழுமே, மணியைத் துரத்திவிடுவார்களே என்ற பயம். ஆசிரியராக இத்தனை ஆண்டுகளில் நான் கண்டதும் இதுதான்: பிள்ளைகள் காயத்தை மறைப்பது நம் கோபத்துக்கு அஞ்சித்தான். ஆகவே, இந்த விடுமுறையில் வண்டி ஏறுவதற்கு முன் பிள்ளைகளை அழைத்து இப்படிச் சொல்லுங்கள்: "நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே வந்து சொல். உன்னையும் அடிக்க மாட்டோம். நாயையும் துரத்த மாட்டோம்." சொன்னதைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் அன்று இருந்திருந்தால், என் தம்பியின் காயம் அன்றிரவே ஓடைத் தண்ணீரில் கழுவப்பட்டிருக்கும். காலையில் யாராவது ஒருவர் மணியைத் தேடியும் இருப்பார்.