தீவுப் பள்ளிக்கூடமும் இங்கிலீஷ் தொண்டும்

(திரேஸ்புரத்தில் வாலிபர்கள் கூட்டிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மாலத்தீவில் ஏதாவதொரு சிறு தீவிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய், சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க இவ்வூர் வாலிபர்கள் சிலர் உத்தேசித்திருக்கிறார்களாம். அது தக்க காரியந்தானா என்று பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். இதைப் பெரிய புண்ணியம் என்று சிலர் சொல்லுகிறார்கள். படித்துவிட்டுத் தண்டத்துக்கு உழைக்கப் போவதா என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். இரண்டு கட்சியாருமே போகிறவனைப் பற்றித்தான் பேசுகிறார்களேயொழிய, அங்கே பலகையில் உட்கார்ந்திருக்கப் போகிற பிள்ளையைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். நான் அந்தப் பிள்ளையின் கட்சி.

மாலத்தீவு உங்களுக்குப் புதிதல்ல. இந்தத் தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கல்லும் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலேக்குப் போய் வருகின்றன. நாம் தோணி என்பதை அவர்களும் ஏறக்குறைய அப்படியே சொல்லுகிறார்கள். நம் வீட்டுச் சம்பலில் இடித்துப் போடும் மாசிக்கும் அவர்கள் மீனுக்குச் சொல்லும் 'மஸ்' என்ற சொல்லுக்கும் உறவுண்டு. சுமார் 1,200 தீவுகளில் குடியிருப்புள்ளவை 200-க்கும் குறைவு. பல தீவுகளில் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. அப்பேர்ப்பட்ட தீவில் ஒரு வாத்தியார் நல்லவராயிருந்தால் ஒரு தலைமுறை பிழைக்கும். மோசமாயிருந்தால் பக்கத்துத் தெருப் பள்ளிக்கு ஓடவும் வழியில்லை, சுற்றிலும் கடல்.

அங்கே இங்கிலீஷ் அலங்காரத்துக்காக அல்ல என்பதை முதலில் தெரிந்து கொள்ளவேண்டும். 1961-ல் மாலேயிலிருந்த சர்க்கார் பள்ளிகளில் இங்கிலீஷ் வழிப் படிப்பை வைத்தார்கள். பிறகு அது வெளித்தீவுகளுக்கும் பரவிற்று. கணக்கும் விஞ்ஞானமும் இங்கிலீஷில்; முடிவில் எழுதும் பரீட்சையும் சீமைப் பரீட்சை. ஆகவே தகப்பனோடு சூரை பிடிக்கப் போய், எத்தனை மீன், என்ன விலை, யாருக்கு என்ன பங்கு என்று நொடியில் மனக்கணக்குப் போடுகிற பையன், கேள்வித்தாளிலுள்ள வாக்கியம் விளங்காத ஒரே காரணத்தால் கணக்கிலே தோற்றவனாகிறான். அவனுக்குக் கணக்கு வராது என்று உபாத்தியாயரும் சொல்லுகிறார், பெற்றோரும் நம்புகிறார்கள், கடைசியில் அவனும் நம்பிவிடுகிறான். இது எவ்வளவு பெரிய அநியாயம்! அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நீங்கள் போக நினைக்கிறீர்கள். மூன்று மாதம் உல்லாசமாயிருந்து, பிள்ளைகளோடு நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புகிற காரியமல்ல இது.

நிற்க. வேற்றுப் பாஷைக்காரன் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்ன சங்கதி இந்தக் கரைக்குப் பழசு. 1542-ல் சேவியர் என்ற பாதிரியார் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு பாஷையும் தெரிந்த சிலரை வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, அதை அவரே நெட்டுருப் போட்டு, தெருத்தெருவாய் மணியடித்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒப்புவிக்கச் செய்தார். சொன்னவருக்குத் தமிழ் புரியவில்லை. ஒப்புவித்த பிள்ளைக்கு அதிலுள்ள கருத்து எவ்வளவு புரிந்திருக்கும்? புரோகிதர் சொல்லும் மந்திரத்துக்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் ஹென்றிக்கஸ் என்று இன்னொரு பாதிரியார் வந்தார். இவர் வேறு தினுசு. புன்னைக்காயலில் தங்கித் தமிழை எழுத்திலிருந்து கற்றார், தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவர் மொழிபெயர்த்ததுதான். சுமார் 50 வருஷம் இந்தக் கரையிலிருந்து 1600-ல் இறந்தார். அவர் அச்சிட்ட விஷயம் நமக்கு உடன்பாடல்ல. ஆனால் கற்பிக்க வந்தவன் முதலில் மாணாக்கனாயிருக்க வேண்டும் என்ற அவருடைய முறையை எவனும் குறை சொல்ல முடியாது.

சீமையிலும் இந்த உண்மை தாமதமாகத்தான் உறைத்தது. 1958-ல் அங்கே வெளிநாட்டுத் தொண்டர் சங்கம் ஒன்று தொடங்கி, பள்ளிப்படிப்பு முடித்த 18 வயதுப் பையன்களைச் சாப்பாடும் கைச்செலவும் கொடுத்து ஆப்பிரிக்காவுக்கும் போர்னியோவுக்கும் அனுப்பினார்கள். ஆசை இருந்தால் போதும், தொழில் தெரியவேண்டியதில்லை என்ற எண்ணம். பிறகு அதே சங்கம் பட்டதாரிகளையும், அதற்கும் பிறகு தொழிலில் தேர்ந்தவர்களையும் தேட ஆரம்பித்தது. 1966 முதல் அமெரிக்க அமைதிப் படையார் பசிபிக் சமுத்திரத்தின் மைக்ரோனேசியத் தீவுகளில் நூற்றுக்கணக்கான வாலிபர்களை இறக்கினார்கள். அவர்களில் பலருக்கு இங்கிலீஷ் கற்பிப்பதே வேலை. அது மிதமிஞ்சிய கூட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவர்களுக்குத் தீவுப் பாஷையைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த முயற்சியோடு ஒட்டி அப்பாஷைகளுக்கு அகராதிகளும் இலக்கணங்களும் வெளிவந்தன. இங்கிலீஷ் கற்பிக்கப் போன இடத்தில் தீவுப் பாஷைக்கு அகராதி கிடைத்தது!

பாஷை தெரிவதால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஒரு சின்ன உதாரணம் சொல்லுகிறேன். மாலத்தீவுக்காரர் பாஷை திவேகி, எழுத்து தானா. அது வலமிருந்து இடமாகப் போகும். புதிதாய் இங்கிலீஷ் எழுதுகிற பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போட்டால், விஷயம் தெரியாத வாத்தியார் 'மண்டு' என்பார். தெரிந்தவர் அந்தக் கை இதுவரை எந்தப் பக்கம் ஓடிப் பழகியது என்று பார்ப்பார். இன்னொன்று: நாம் "நான் மீன் பிடித்தேன்" என்று வினையைக் கடைசியில் வைக்கிறோம், திவேகியிலும் அப்படியே. இங்கிலீஷ்காரன் "நான் பிடித்தேன் மீன்" என்கிறான். இந்த இடமாற்றத்தில் எங்கே கால் இடறும் என்று லண்டனிலிருந்து வருகிறவரைவிடத் திரேஸ்புரத்துக்காரனுக்கு நன்றாய்த் தெரியும், ஏனெனில் அவனே இடறி எழுந்தவன். உங்களிடமுள்ள யோக்கியதை இதுதான். உங்கள் உச்சரிப்பு துரை உச்சரிப்பாயில்லையே என்று வெட்கப்படவேண்டாம்.

நான் பல வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராயிருந்தவன். இந்த ஜில்லாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இங்கிலீஷ் பாட்டொன்றைக் கணீரென்று ஒப்புவித்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் முன்வரிசைப் பையனிடம், உன் அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டேன். விழித்தான். பக்கத்துப் பையனும் விழித்தான். அங்கே கற்பித்ததற்கு இங்கிலீஷ் என்று பெயர், உண்மையில் அது மந்திரம்.

இங்கிலீஷுக்கு முன்னால் கூனிக் குறுகி நிற்கும் வழக்கமும் ஒழியவேண்டும். அந்த இங்கிலீஷே ஊரூராய் இரந்து சேர்த்ததுதான். பவளத் தீவு வளையத்துக்கு இங்கிலீஷ்காரன் சொல்லும் 'அட்டோல்' மாலத்தீவுக்காரரிடம் வாங்கியது. 'கட்டமரான்' நம் கட்டுமரம். 'செரூட்' நம் சுருட்டு. தீவுப் பிள்ளைக்கு முதல் பாடத்திலேயே, உன் தாத்தாவின் சொல் இந்தப் பாஷைக்குள் இருக்கிறது என்று காட்டுங்கள். அப்புறம் அவன் பயப்படுவானா பாருங்கள்.

சம்பள விஷயம். சம்பளம் வாங்கினால் தொண்டல்ல என்பது நம்மவர்களுடைய பழைய பைத்தியம். நம் நாட்டிலிருந்து எத்தனையோ ஆசிரியர்கள் சம்பளத்துக்கு மாலத்தீவு போய், வீட்டை விட்டுப் பிரிந்து, ஒழுங்காய் வேலை செய்கிறார்கள். அவர்கள் மட்டமா? கொடுத்தால் வாங்கிக் கொள்ளுங்கள். சம்பளமில்லாமல் வந்தவனை, "ஏன் இன்று வகுப்புக்கு வரவில்லை?" என்று கேட்கத் தீவுக்காரர் கூசுவார்கள், கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவேண்டும். தர்மம் என்று போனால் வாங்குகிறவன் தலை குனியும். எத்தனை காலம், என்ன வேலை என்று எழுதி ஒப்புக்கொண்டு போங்கள். ஒரு வருஷத்துக்குக் குறைந்து போகாதீர்கள். போகும்போதே அத்தீவிலுள்ள ஒருவருக்கு வேலையைப் பழக்கி விட்டு வர ஏற்பாடு செய்யுங்கள்.

அங்கே போய்ப் பகுத்தறிவுப் பிரசாரம் செய்யலாமா என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கேட்டிருக்கிறார். கூடாது. அது இஸ்லாத்தைச் சட்டப்படி மதமாகக் கொண்ட நாடு. அதோடு, பாடம் சொல்லப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பைக்குள் வேறு சரக்கை வைத்துப் போவது பாதிரிகள் செய்த வேலை. பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாமல் பதில் சொல்லுங்கள், அது போதும்.

இந்தத் தெருவில் சங்கு குளிப்பவர்கள் பிள்ளையும் வள்ளக்காரர் பிள்ளையும் இங்கிலீஷ் தெரியாமல் நிற்கும்போது கடல் தாண்டிப் போவதா என்று பின்னாலிருந்து ஒரு தாயார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆகவே போக விரும்புகிறவர்கள் ஆறு மாதம் இங்கே மாலைப் பள்ளி நடத்தட்டும். இங்கே நாள் தவறாமல் வருகிறவன் அங்கேயும் வருவான். இங்கே பத்து நாளில் நழுவுகிறவனைத் தோணி ஏற்றவேண்டாம்.

மாலேக்குப் போய்வரும் தோணித் தோழர்கள் இருவர் தங்களுக்குத் தெரிந்த திவேகியைச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு இதே இடத்தில் அது தொடங்கும். சிலேட்டும் பென்சிலும் அவரவர் கொண்டு வரவேண்டியது.