முத்திரைத் தாளில் மணம் முறியுமா?



கிணறு, சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று, குடும்பம் பிரியும்போது எழும் சட்டச் சிக்கல்களையும் பணச் சிக்கல்களையும் பற்றிச் சிந்திப்போம். கிராம முன்னேற்றத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். கைவிடப்பட்ட பெண்ணும் அவள் குழந்தைகளும் வறுமையில் வாடும் ஊரில் எத்தனை சாலைகள் போட்டாலும் அவ்வூர் முன்னேறியதாகாது.

கணவனும் மனைவியும் ஒத்து வாழ இயலாதபோது ஊர்ப் பெரியவர்களை நாடுவது நம் வழக்கம். பிணக்கைத் தீர்த்து இருவரையும் சேர்த்து வைக்க முயல்வது நற்செயலே. ஆனால் சில ஊர்களில் பெரியவர்கள் அதற்கு மேலும் செல்கின்றனர். இனி ஒருவர்க்கொருவர் உறவில்லை என்று முத்திரைத் தாளில் எழுதி, ஏதோ ஒரு தொகையைப் பேசி முடித்து, கையொப்பம் வாங்கி, மணம் முறிந்ததென்று கூறிவிடுகின்றனர்.

அந்தத் தாள் செல்லுமா? வழக்காற்றின்படி மணமுறிவு பெறும் உரிமையை 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது என்பது உண்மையே. எனினும், அவ்வழக்கம் தம் சமூகத்தில் நெடுங்காலமாக இடையறாது இருந்து வருகிறது என்பதை, அதைக் கூறுவோரே நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க இயலாவிடில் முதல் மணம் நிலைத்தே நிற்கும். தாளை நம்பிச் செய்த மறுமணம் செல்லாததாகிவிடும். மறுமணம் செய்தவர் குற்றவழக்கிற்கும் ஆளாகலாம். பின்னாளில் ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ், நிலம் ஆகிய அனைத்திலும் சச்சரவு எழும். பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை அத்தாளுக்கு வலிமை தராது.

இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினால் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் நேரான வழியைக் காட்டுகிறது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தபின் இருவரும் சேர்ந்து மனுச் செய்யலாம். ஆறு மாதம் கழித்து நீதிமன்றம் மீண்டும் விசாரித்துத் தீர்ப்பளிக்கும். தக்க காரணம் இருப்பின் இந்த ஆறு மாதத்தை விலக்கலாமென 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இனிப் பணத்திற்கு வருவோம். முதலாவது, சீதனம். பெண்ணுக்கென்று கொடுத்த நகையும் பாத்திரமும் பெண்ணுக்கே உரியவை. கணவன் வீட்டார் அவற்றைக் காத்து வைத்திருப்பவர்களே அன்றி உரிமையாளர்கள் அல்லர். 1985-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது.

இரண்டாவது, ஜீவனாம்சம். தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாத மனைவியும், குழந்தைகளும், பெற்றோரும் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நாளிலிருந்து புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாக உள்ளது. இது எல்லா மதத்தினர்க்கும் பொது. மத்தியச் சட்டத்தில் மாதம் 500 ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு 2001-இல் நீக்கப்பட்டது. மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டுமென 2020-இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. ஆகவே காலம் தாழ்த்துவது பெண்ணுக்கே நட்டம். குழந்தைக்குரிய ஜீவனாம்சத்தைத் தாய் எழுதிக் கொடுத்துவிட இயலாது. அது குழந்தையின் உரிமை.

மூன்றாவது, நிலம். மணமுறிவு ஏற்பட்டால் கணவன் நிலத்தில் பாதி மனைவிக்கு வந்துவிடும் என்று அஞ்சும் உழவர்கள் உளர். நம் சட்டத்தில் அவ்வாறு இல்லை. ஆனால், இந்து திருமணச் சட்டத்தின்படி வழங்கப்படும் நிரந்தர ஜீவனாம்சத்திற்கு அந்த நிலத்தையே பிணையாக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? திருமணத்தின்போதே 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்யுமாறு தூண்டுவோம். சீர்ப்பொருள்களுக்குப் பட்டியல் எழுதி, ரசீதுகளுடன் பெண்ணிடமே ஒரு படியை வைத்திருக்கச் சொல்வோம். பிணக்கு முற்றினால், உறவை முறிக்கும் தாளில் சாட்சிக் கையொப்பம் இட மறுப்போம். வட்ட சட்டப் பணிகள் குழுவை நாடச் செய்வோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாயினும் அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

நியாயம் சொல்பவர் என்று ஊரார் நம்மை நம்பி வருகின்றனர். நாம் எழுதித் தரும் ஒரு தாள், ஏதுமறியாத ஒரு பெண்ணையும் அவள் குழந்தைகளையும் நடுத்தெருவில் நிறுத்திவிடக் கூடாது. சரியான வழியைக் காட்டுவதே அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் கைம்மாறு.