பெயர் தாங்கிய கற்கள்



போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுவது நம் நாட்டின் தொன்மையான மரபு. கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரையிலான முறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தமிழகத்தில் நடுகல் என்றும் மகாராட்டிரத்தில் வீரகல் என்றும் வழங்கும் இவை, பெரும்பாலும் ஊரையும் ஆநிரையையும் காக்க உயிர்நீத்தோருக்கு எழுப்பப்பட்டவை. அரசுகள் எழுப்பிய சின்னங்களின் வரலாறு சற்று வேறானது. எழுப்பியவர் கருதிய பொருளோடு அவை நின்றுவிடுவதில்லை. புனே மாவட்டத்திலுள்ள கோரேகாவ் பீமா தூண் இதற்குத் தக்க சான்றாகும்.

1818 ஜனவரி 1 அன்று, சீரூரிலிருந்து புனே நோக்கிச் சென்ற கிழக்கிந்தியக் கும்பினியின் சிறுபடை ஒன்று, பீமா ஆற்றங்கரையில் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் படையை எதிர்ப்பட்டது. கேப்டன் ஸ்டாண்டன் தலைமையிலிருந்த அப்படையில் ஏறத்தாழ 800 பேர் இருந்தனர். பம்பாய்க் காலாட்படையுடன் சென்னைப் பீரங்கிப் படையினரும் அதில் அடங்குவர். பகல் முழுதும் போர் நீடித்தது. இரவில் பேஷ்வாவின் படை விலகிச் சென்றது. இதனைத் தன் வெற்றியாகக் கொண்டாடவே கும்பினி அங்கே தூண் எழுப்பி, 1822இல் கட்டி முடித்தது. உயிர்நீத்த வீரர்களின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டன. அவற்றுள் 22 பெயர்கள் ‘நாக்’ என முடியும் மகர் சமூகப் பெயர்களாகும்.

பிற்காலத்தில் ‘போர்க்குடி’ என்னும் கொள்கையை மேற்கொண்ட ஆங்கில அரசு, 1890களில் அதே சமூகத்தினரைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. அவர்களுடைய உரிமைக்குச் சான்றாக அந்தத் தூண் நின்றது. 1927 ஜனவரி 1 அன்று டாக்டர் அம்பேத்கர் அங்குச் சென்று மரியாதை செலுத்தினார். அதே ஆண்டு மார்ச்சில் மகாட் குளத்து நீருக்கான சத்தியாக்கிரகம் நடைபெற்றது. 1941இல் மகர் படைப்பிரிவு அமைந்தபோது, அதன் சின்னத்தில் இத்தூண் இடம்பெற்றது. ஆதிக்கத்தின் வெற்றிச் சின்னம் இவ்வாறு தன்மதிப்பின் சின்னமாயிற்று.

இப்பொருள் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. சாதிக் கொடுமைக்கு எதிரான போர் என்று பலர் போற்றுகின்றனர். கும்பினியின் ஆதிக்கப் போரே என்று வேறு சிலர் கூறுகின்றனர். 2018இல், இருநூறாம் ஆண்டு நிறைவின்போது எழுந்த கலவரத்தில் ஓர் உயிர் பலியானது. நினைவைப் பேணுவது சமூக அமைதியைப் பேணும் பொறுப்பையும் உள்ளடக்கியது என்பதை அலுவலர்கள் இதனால் உணரலாம்.

புனே நகரிலேயே வேறு வகைச் சின்னங்களும் உள்ளன. கிர்க்கி போர்க் கல்லறைத் தோட்டத்திலுள்ள நினைவகம், இந்தியாவின் பல இடங்களில் புதைக்கப்பட்ட முதல் உலகப் போர்க்காலத்தவர் 1,800க்கு மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. 1998இல் திறக்கப்பட்ட தென்மண்டலத் தேசியப் போர் நினைவகமோ பொதுமக்களின் நன்கொடையால் எழுந்தது.

இவற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்றுண்டு. பெயர் பொறிக்கப்பட்டிருந்தமையால்தான் கோரேகாவ் வீரர்களின் வழித்தோன்றல்கள் அத்தூணைத் தமதென உரிமை கோர இயன்றது. தமிழகத்தின் பல ஊர்களில் முதல் உலகப் போர்க் கற்பலகைகள் உள்ளன. ‘இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர்’ என எண்ணிக்கையை மட்டுமே அவை கூறுகின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகள், குடும்பத்தாரின் நினைவுகள், ஊர் ஆவணங்கள் ஆகியவற்றைக் கொண்டு அப்பெயர்களைத் தேடித் தொகுக்கலாம். மாணவர்கள் இதனை மேற்கொள்ளட்டும். ஊராட்சி அலுவலர்கள் துணைநிற்கட்டும். எண்ணாக நிற்பவரை மீண்டும் பெயருடைய மனிதராக்குவதே அவர்களுக்கு நாம் ஆற்றும் நன்றிக்கடனாகும்.