எண்ணூறு ஆண்டு நிற்கும் மரக் கட்டடங்கள்
(நம் குடியிருப்போர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நார்வே பயணத்தில் பார்த்த பழைய மரத் தேவாலயங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். மரத்தால் கட்டியது மழையையும் பனியையும் தாங்கி எப்படி இத்தனை காலம் நிற்கிறது? அங்கு போகிற எல்லோருக்கும் முதலில் எழுகிற கேள்வி இதுதான்.

சோல்வோர்ன் என்ற சிற்றூரில் படகேறி, மலைகளுக்கு நடுவே நீளும் கடல்நீரைக் கடந்து, மறுகரையில் மேடேறி நடந்தால் ஊர்னெஸ் தேவாலயம். 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் வடக்குச் சுவரில் விலங்குகள் பின்னிப் பிணைந்த செதுக்கு வேலையை நின்று நிதானமாகப் பாருங்கள். அதே இடத்தில் முன்பு இருந்த கோயிலின் பலகைகள் அவை. வீணாக்காமல் புதியதில் பொருத்தியிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் தூண்களை மண்ணில் குழி தோண்டி நட்டார்கள். ஈரம் ஏறி அடி உளுத்துப்போனது. பிறகு கல் அடித்தளம் போட்டு, அதன்மேல் கிடைமட்டமாக உத்தரங்களை வைத்து, அவற்றின் மேல் தூண்களை நிறுத்தினார்கள். மரம் மண்ணைத் தொடுவதில்லை. 1180 வாக்கில் எழுந்த போர்குண்ட் தேவாலயம் இப்படித்தான் நிற்கிறது. வெளிப்புறம் முழுக்கப் பைன் மரத்திலிருந்து எடுக்கும் தாரைப் பூசுகிறார்கள். வெயில் படும் பக்கம் பூச்சு சீக்கிரம் போய்விடும். மறுபடி பூச வேண்டும். தலைமுறை தலைமுறையாக இந்த வேலை ஓயவில்லை.

ஆனால் நூற்றுக்கணக்கில் இருந்தவற்றில் இன்று மிஞ்சியவை 28 மட்டுமே. 19-ஆம் நூற்றாண்டில் 'இடம் போதவில்லை' என்று பலவற்றை இடித்துவிட்டார்கள். 1844-இல் தொடங்கிய பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் சிலவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக் காப்பாற்றியது. ஊர்னெஸும் போர்குண்டும் இன்றும் அந்தச் சங்கத்தின் கையில்தான் இருக்கின்றன. போர்குண்டில் ஊர்மக்களின் வழிபாட்டுக்கு 1868-இல் பக்கத்திலேயே புதிய தேவாலயம் கட்டினார்கள். பழையது தப்பியது.

நெருப்பு இன்னொரு எதிரி. பெர்கன் நகரில் ஃபான்டாஃப்ட் தேவாலயத்துக்கு 1992 ஜூனில் யாரோ தீ வைத்தார்கள். பல நூற்றாண்டுப் பராமரிப்பு ஒரே நாளில் சாம்பலானது. இன்று அங்கே நிற்பது 1997-இல் முடித்த மறுகட்டுமானம்.

போக நினைப்பவர்கள் கோடையில் போங்கள். மற்ற மாதங்களில் பெரும்பாலும் பூட்டியிருக்கும். மேடேற வசதியான காலணி அவசியம். நுழைவுக் கட்டணத்தைப் பார்த்து வெளியிலிருந்தே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அடுத்த பூச்சுக்கான தாருக்கு நம் பங்கு அது.